பெரம்பலூர் புட்டியும் நீல ஸ்லைடும்

ஒரு மருந்து, கண்ணாடிப் புட்டிக்குள் வெள்ளை அணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. அதே மருந்து, உடம்புக்குள் போனால் அவற்றை ரத்தக்குழாயின் சுவரில் ஒட்ட விடுவதில்லை என்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. லேப் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி லேப்பை நடத்தும் சார் ஆள் அனுப்பியிருந்தார். விடை தெரிந்த விஷயங்களை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது, சாயத்தை எப்படிக் கரைப்பது என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது இந்த ஒரு நாள்தான். அதனால் இதையே எழுதுகிறேன். நான் செய்தது சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அரியலூரில் நம் லேப்பை விட்டால் அந்தப் பக்கத்தில் வேறு லேப் இல்லாத காலம் அது. பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மா சிறிய பிரசவ ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். அங்கே எடுக்கும் ரத்தம் பஸ்ஸில் நம்மிடம் வரும். கண்டக்டர் தன் பைக்குள் புட்டியைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். அதே பஸ் திரும்பும்போது ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போவார். வரும் வழியில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க, கழுவிய பென்சிலின் புட்டிகளில் நாமே ஆக்சலேட் மருந்தைக் காய வைத்து, மூடி போட்டு அங்கே அனுப்பி வைப்போம். இப்போதும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டேன்.

அன்று காலை கண்டக்டர் புட்டியைக் கொடுக்கும்போதே, "லேப்பம்மா, இன்னிக்கு அவசரமாம். டாக்டரம்மா ரெண்டு தரம் சொல்லி அனுப்பிச்சாங்க. நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன், ரிப்போர்ட்ட எழுதி வையுங்க" என்றார்.

"டீ குடிக்கிற நேரத்துல ரிப்போர்ட் ஆவாதுங்க."

"அப்ப ரெண்டு டீயா குடிக்கிறேன், போங்க."

புட்டியோடு ஒரு சீட்டு இருந்தது. ரஞ்சன்குடியிலிருந்து வந்த பெண், பெயர் அஞ்சலை. பிரசவம் ஆகி மூன்றாவது வாரம். இடது கால் தொடை வரை வீங்கியிருக்கிறது. காலின் ஆழ்நாளத்தில் ரத்தக்கட்டி இருப்பதாகச் சந்தேகம். முந்திய நாள் இரவிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஹெப்பாரின் ஊசி போட்டு வருகிறார்கள். ஆனால் காய்ச்சல் விடவில்லை. "வெள்ளை அணு எண்ணிக்கை உடனே தேவை. டைபாய்டா? மதியம் இரண்டு மணி ஊசியைப் போடுவதா நிறுத்துவதா என்று இதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறேன்" என்று டாக்டரம்மா தன் கையால் எழுதியிருந்தார்.

நம் பக்கத்தில் காய்ச்சலும் குறைந்த எண்ணிக்கையும் சேர்ந்து வந்தால் எந்த டாக்டரும் முதலில் நினைப்பது டைபாய்டைத்தான். டைபாய்டு என்றால் குடல் புண்ணாகி ரத்தம் கசியும். அந்த நிலையில் ரத்தத்தை உறைய விடாத ஹெப்பாரினைக் கொடுப்பது ஆபத்து, உடனே நிறுத்திவிடுவார்கள். ஆனால் இந்தப் பெண்ணுக்கு அதை நிறுத்தினால், காலில் இருக்கும் கட்டி வளர்ந்து, ஒரு துண்டு கழன்று நெஞ்சுக்கு ஏறிவிடலாம். அப்படி ஏறினால் பிள்ளை பெற்ற பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விடுவாள். ஆக, நான் எழுதப்போகும் ஒரு எண், அந்த ஊசியை நிறுத்தவும் செய்யும், தொடரவும் செய்யும்.

எண்ணிப் பார்த்தேன். மிகக் குறைவாக வந்தது.

மறுபடியும் எண்ணினேன். இன்னும் குறைந்தது. ஒரே ரத்தம், ஒரே பிப்பெட், ஒரே கை. ஏன் குறைய வேண்டும்? கட்டம் போட்ட கண்ணாடியில் சில கட்டங்கள் காலியாக இருந்தன. ஒரு மூலையில் மட்டும் நாலைந்து அணுக்கள் திராட்சைக் கொத்துபோல ஒன்றாகக் கிடந்தன. ஸ்லைடில் ரத்தத்தை இழுத்துச் சாயம் போட்டுப் பார்த்தேன். ஸ்லைடு முழுவதும் லேசாக நீலம் பாய்ந்திருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நீல ஸ்லைடு நமக்குப் புதிதில்லை. அரியலூர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். திருச்சியிலிருந்து வரும் சுண்ணாம்பில்லாத வாலை வடிநீர் தீர்ந்துபோனால் கொதிக்க வைத்த குழாய்த் தண்ணீரில்தான் சாயத்தைக் கழுவுவோம். அப்போதெல்லாம் ஸ்லைடு நீலமாகத்தான் வரும். வேறு ஊர்க்காரர்கள் பார்த்தால் பதறுவார்கள். நாம் "தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு அணுக்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். அன்றும் என் வாயில் அந்தச் சொல்தான் வந்தது. ரிப்போர்ட் தாளையும் எடுத்துவிட்டேன்.

ஏன் பேனாவைக் கீழே வைத்தேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. நான் எதையும் இரண்டு தரம் பார்க்கிறவள். அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள். வீட்டில் இதற்காகக் கேலி செய்வார்கள். அந்தக் குணம்தான் அன்று கையைப் பிடித்ததோ என்னவோ. 'தண்ணீரால் நீலம் என்றால் எல்லா ரத்தமும்தானே நீலமாக வர வேண்டும்?' என்று தோன்றியது. என் விரலையே குத்தி, இன்னொரு ஸ்லைடில் இழுத்து, அதே சாயம், அதே தண்ணீர், அதே நேரம் வைத்துக் கழுவிப் பார்த்தேன்.

என் ரத்தம் ரோஜா நிறத்தில் இருந்தது. அஞ்சலையின் ரத்தம் மட்டும் நீலம்.

திருச்சியில் படிக்கும்போது எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு தரம் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஹெப்பாரின் கலந்த புட்டியில் ரத்தத்தை வைத்தால் வெள்ளை அணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடின் பின்னணி நீலம் பாயும். அதை எண்ணவே கூடாது. படிக்கும்போது பரீட்சைக்கு வராது என்று தள்ளிவிட்ட வரி. இந்தப் புட்டியில் ஆக்சலேட்டுக்குப் பதில் ஹெப்பாரினை விட்டிருக்கிறார்களா? அப்படியானால் அணுக்கள் குறையவில்லை. கொத்தாக ஒளிந்திருக்கின்றன. எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரம்பலூருக்கு டிரங்கு கால் பதிவு செய்தேன். லைன் கிடைக்கவில்லை. சார் அன்று வருகிற நாள் இல்லை. கண்டக்டர் இரண்டு டீயும் குடித்துவிட்டு வாசலில் நின்றார்.

"என்னங்கம்மா, ஆச்சா?"

'எண்ண இயலாது. வேறு ரத்தம் அனுப்பவும்' என்று எழுதிக் கொடுத்துவிடலாம். விதிப்படி அதுதான் சரி. ஆனால் அந்தச் சீட்டு பெரம்பலூர் போய், அவர்கள் மறுபடி ரத்தம் எடுத்து, அது இங்கே வந்து, நான் எண்ணி அனுப்புவதற்குள் மறுநாள் ஆகிவிடும். இரண்டு மணி ஊசி காத்திருக்காது. இன்னொரு வழி, எண்ணும் கண்ணாடியையும் பிப்பெட்டையும் எடுத்துக்கொண்டு நானே போவது. மைக்ராஸ்கோப் அங்கே ஒன்று இருக்கிறது. சாயமும் எண்ண ஆளும்தான் இல்லை.

ஆனால் அப்போது என் மூத்தவனுக்கு நாலு மாதம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டு வருவேன். மற்ற நேரம் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா பார்த்துக்கொள்வார். அவருக்கும் கைக்குழந்தை. என் கணவருக்குத் திருச்சியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். புட்டிப்பாலை என் பையன் தொடவே மாட்டான்.

"வண்டி கிளம்பப் போவுதும்மா. டிரைவர் ஆரன் அடிக்கிறாரு பாருங்க."

"ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்துவீங்களா?"

"எதுக்கு?"

"நானும் வரேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி நாளு பாட்டிலத்தான் ஏத்திட்டுப் போனேன். இன்னிக்கு லேப்பே ஏறுதா?"

வீட்டு வாசலில் நின்றபடியே நூர்ஜஹான் அக்காவிடம் சொன்னேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்க்கவில்லை, தொட்டால் விழித்துவிடுவான்.

"மதியத்துக்கு வரமாட்டியா? அது புட்டிய வாயிலயே வைக்காதே புள்ள" என்றார் அக்கா.

"பசிச்சா குடிச்சிடுவான்கா."

"நீ சொல்லிட்டுப் போற. நானில்ல பாக்கணும். சரி, போ. யாரோட உசுரோ."

பஸ்ஸில் சாயப் புட்டியை மடியிலும் எண்ணும் கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கையிலும் வைத்திருந்தேன். வழி முழுக்க ஒரே எண்ணம். அது ஹெப்பாரின் புட்டியாக இல்லாமல் போனால்? உண்மையிலேயே எண்ணிக்கை குறைவாக இருந்தால்? பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமல், ஒரு நீலத்தை நம்பிப் போகிறேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

டாக்டரம்மா வராந்தாவிலேயே நின்றிருந்தார். ரிப்போர்ட்டை எதிர்பார்த்தவர் என்னைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"நம்பர் எழுத முடியலைங்க டாக்டர். இது ஹெப்பாரின் கலந்த ரத்தம்னு நினைக்கிறேன்."

அவர் உள்ளே திரும்பி, "விக்டோரியா, காலையில எந்த பாட்டில்ல எடுத்தீங்க?" என்றார்.

நர்ஸ் விக்டோரியா சிஸ்டர் பயப்படவில்லை. "உங்க பாட்டில் தீந்து போச்சுங்க. போன வாரமே சொல்லி அனுப்பினேன், வரல. வெறும் பாட்டில்ல அனுப்பினா கட்டியாப் போவுது. அதான் ரெண்டு சொட்டு ஹெப்பாரின் விட்டேன். நீங்க போட்டு அனுப்பறதும் உறைய விடாத மருந்து, இதுவும் உறைய விடாத மருந்து. என்ன தப்பு?"

"நியாயமான கேள்விதான்" என்றார் டாக்டரம்மா. "நானா இருந்தாலும் அதைத்தான் விட்டிருப்பேன்." என் பக்கம் திரும்பினார். "வசந்தா, விரல்ல குத்தி இங்கியே எண்ணு. மணி ஆவுது."

அஞ்சலை ஒல்லியான பெண். இருபது வயது இருக்கலாம். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். "நேத்து இந்தக் காலத் தொட விடலம்மா, அப்பிடிக் கத்துனா. இன்னிக்கு பாருங்க, அதுவே அசைக்குது. வீக்கமும் பாதி வாங்கிடுச்சு. இன்னும் எதுக்கு ரத்தத்த எடுக்கறீங்க?" என்றார்.

விரலிலிருந்து நேராகப் பிப்பெட்டில் எடுத்தேன். எண்ணினேன். கட்டத்துக்குக் கட்டம் அணுக்கள். கொத்து இல்லை. எண்ணிக்கை இயல்பைவிட நன்றாகக் கூடியிருந்தது.

"டைபாய்டு இல்ல" என்று டாக்டரம்மா மூச்சு விட்டார். எனக்கும் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. உடனே, 'இந்த எண்ணும் நிஜம்தானா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதை அடக்கவும் தெரியவில்லை, சொல்லவும் தைரியம் வரவில்லை. கடைசியில், "உடம்புக்குள்ளயும் ஹெப்பாரின் இருக்குங்களே டாக்டர், அதுனால இந்த நம்பரும் மாறுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலையிலேருந்து எனக்கும் அதே யோசனைதான். இந்த மருந்து கட்டியைக் கரைக்காது. புதுசா உறையாம தடுக்கும், அவ்வளவுதான். கட்டி கரையறதுக்கு நாள் பிடிக்கும். ஆனா ஒரே ராத்திரியில வலி பாதியாப் போச்சு, வீக்கம் வத்துது. எப்படி? வெள்ளை அணு ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டி, அப்புறம் சதைக்குள்ள இறங்கித்தானே சூடும் வீக்கமும் வருது? ஹெப்பாரின் அதை ஒட்ட விடாம பண்ணுதுன்னு சில பேர் எழுதறாங்க. அது நிஜம்னா, சுவத்துல ஒட்டியிருந்ததெல்லாம் இப்ப ஓட்டத்துல மிதக்கும். நீ எண்ணினது அதையும் சேத்துத்தான்."

அதாவது, புட்டிக்குள் ஹெப்பாரின் எண்ணைக் குறைத்துக் காட்டியது. உடம்புக்குள் அதே ஹெப்பாரின் எண்ணைக் கூட்டிக் காட்டலாம். நான் பஸ் ஏறிக் கொண்டுவந்த சரியான எண்ணும் பாதி சந்தேகமானது.

"ஸ்லைடு போடு. அணுவோட வயசைப் பாத்துச் சொல்லு" என்றார்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டியிருந்த அணுக்கள் கழன்று வந்தால் அவை முதிர்ந்த அணுக்களாக இருக்கும். உடம்பு எங்கோ சீழோடு போராடினால் மட்டும்தான் முற்றாத இளம் அணுக்களை வெளியே தள்ளும். எண்ணை மருந்து மாற்றலாம். அணுவின் வயதை மாற்ற முடியாது. அல்லது அப்படித்தான் அன்று நாங்கள் நம்பினோம்.

அங்கே கிணற்றுத் தண்ணீர். ஸ்லைடு கொஞ்சம் நீலமாகத்தான் வந்தது. ஆனாலும் தெரிந்தது.

"இளசா இருக்குங்க டாக்டர். நிறைய. உள்ள குருணையும் தடிப்பா இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தரம் பாத்துட்டேங்க."

"அப்ப எங்கியோ சீழ் இருக்கு" என்று எழுந்துவிட்டார்.

வயிற்றை அழுத்திப் பார்த்தார். கர்ப்பப்பை சுருங்கியிருந்தது. தையல் போட்ட இடம் ஆறியிருந்தது. கால் காலையில் இருந்ததைவிடத் தேறியிருந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அஞ்சலை, "ஒண்ணும் இல்லீங்க, நல்லாருக்கேங்க" என்றாள். மணி இரண்டு நெருங்கியது. விக்டோரியா சிஸ்டர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது குழந்தை அழுதது. அஞ்சலையின் அம்மா அதை அவள் வலப் பக்கம் கிடத்தினார். அது ஏற்கெனவே காலியான மார்பு போல. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வீறிட்டது. டாக்டரம்மா, "அந்தப் பக்கம் குடும்மா" என்றார். அஞ்சலை தயங்கினாள். அம்மாதான் பதில் சொன்னார்.

"அந்தப் பக்கம் பால் கட்டிக்கிச்சுங்க. எல்லாருக்கும் வர்றதுதானே? மொதல்ல கால் சரியாவட்டும்னு சொல்லல."

"வலிக்கலியா?"

"முந்தாநாளு உசுரு போச்சுங்க. நேத்து ஊசி போட்டப்பறம் அவ்வளவா இல்ல" என்றாள் அஞ்சலை.

இடது மார்பில் தோல் லேசாகத்தான் சிவந்திருந்தது. ஆனால் ஆழத்தில் கெட்டியாக ஒரு கட்டி. அதன் நடுவில் அழுத்தினால் அமுங்கியது. பால் கட்டி, பழுத்து, சீழ் பிடித்திருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். காலின் சூட்டை அடக்கிய மருந்து, மார்பின் சிவப்பையும் வலியையும் சேர்த்து அடக்கி வைத்துவிட்டதா? அதைப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

சீழைக் கீறி வெளியே எடுத்தாக வேண்டும். விட்டால் ரத்தத்தில் கலந்துவிடும். ஆனால் ஹெப்பாரின் உடம்பில் இருக்கும்போது கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. ஹெப்பாரினின் வேலையை முறிக்கும் மாற்று மருந்து அங்கே கிடையாது. ஊசியை நிறுத்தி ரத்தம் இயல்புக்கு வரும்வரை காத்திருந்தால் காலில் கட்டி வளரலாம். திருச்சிக்கு அனுப்பலாம், அனுப்பினால் அந்த ரோட்டில் காலை ஆட்டி ஆட்டிக் கொண்டுபோக வேண்டும், கட்டி கழன்று கிளம்புவதற்கு அதுவே போதும்.

டாக்டரம்மா விக்டோரியா சிஸ்டரிடம் ஊசியைக் கீழே வைக்கச் சொன்னார். "ரெண்டு மணி ஊசி வேண்டாம். ரத்தம் உறைய ஆரம்பிச்ச உடனே கீறிடறேன். ரத்தம் நின்ன உடனே திரும்ப ஹெப்பாரின். நடுவுல எவ்வளவு குறைச்சலா நேரம் விடறமோ அவ்வளவு நல்லது. எப்ப உறையுதுன்னு நீதான் சொல்லணும் வசந்தா."

கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து, உள்ளங்கையில் சூடாக வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் சாய்த்துப் பார்ப்பதுதான் வழி. முதல் குழாய் தண்ணீர் மாதிரி ஓடியது. எவ்வளவு நேரம் சாய்த்தாலும் ஓடியது. காத்திருந்தோம். டாக்டரம்மா கத்தியைக் கொதிக்க வைத்துவிட்டு, அஞ்சலையின் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தார். அவள் ஒரு தரம் இருமினாள். அறையில் எல்லோரும் அசையாமல் நின்றோம். வெறும் இருமல்தான்.

இரண்டாவது குழாயைக் கையில் வைத்திருக்கும்போது அஞ்சலையின் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"உன் பிள்ளைக்கு எத்தனை மாசம்?"

"நாலுங்க."

"யாருகிட்ட விட்டுட்டு வந்த?"

"பக்கத்து வீட்டுல."

"நீ கிளம்பு. நான் சாய்ச்சுப் பாத்துக்கறேன்."

"இன்னும் உறையல டாக்டர்" என்றேன். குழாயை மறுபடி சாய்த்தேன். அவர் அறுவைக்குக் கையைக் கழுவியிருந்தார். விக்டோரியா சிஸ்டர் அஞ்சலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாயைச் சாய்க்க வேறு கை அங்கே இல்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்ததோ என்னவோ.

மூன்றாவது குழாயைச் சாய்த்தபோது ரத்தம் நகரவில்லை. முழுக்கச் சாய்த்தேன். நகரவில்லை. தலைகீழாகப் பிடித்து டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு அஞ்சலையிடம் போனார்.

நிறைய சீழ் வந்தது. ரத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகம் கசிந்தது. விக்டோரியா சிஸ்டர் துணியை மடித்து மடித்து அழுத்தினார். எத்தனை துணி என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயன்றேன். பொழுது சாயும் நேரத்தில் ரத்தம் நின்றது. டாக்டரம்மா வழக்கமான அளவில் பாதி ஹெப்பாரினை ஊசியில் ஏற்றினார். ஏற்றும்போது, "தப்புன்னா தப்பு" என்று தனக்குத்தானே சொன்னார். அது என் காதில் விழுந்தது அவருக்குத் தெரியாது.

கண்டக்டர் எனக்காகப் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்தார். "எல்லாரும் திட்றாங்கம்மா. லேப்பு வரணும், இருங்கன்னு சொன்னேன். பொழைச்சுதா?"

"தெரியலைங்க."

"தெரியலையா? இதுக்கா போனீங்க?"

வீட்டுக்கு வந்தபோது என் பையன் நூர்ஜஹான் அக்காவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு விக்கி விக்கி வந்தது. அதிக நேரம் அழுதிருக்கிறான்.

"தொண்டை கட்டிப்போச்சு உம் மவனுக்கு. புட்டிய வீசி எறிஞ்சிட்டான். அல்லா மேல பாரத்தப் போட்டு நானே குடுத்துட்டேன். ஏன் முழிக்கிற?"

பையனை வாங்கக் கையை நீட்டினேன்.

"எங்க மார்க்கத்துல, பால் குடுத்தா பெத்த மாதிரி. எம் பொண்ணுக்கு இவன் இப்ப அண்ணன். உங்கிட்ட சம்பந்தம் பேசலாம்னு இருந்தேன், அது போச்சு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் அழுதுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சீ, கழுத. கைய கழுவிட்டு வந்து புள்ளய வாங்கு" என்றார்.

அஞ்சலை பிழைத்தாள். செய்தியைக் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். இடது கால் மாத்திரம் மாலையானால் கொஞ்சம் தடித்துக்கொள்ளுமாம். அடுத்த வாரம் பெரம்பலூரிலிருந்து வந்த புட்டியில் 'ஆக்சலேட்தான், சத்தியமாக' என்று விக்டோரியா சிஸ்டர் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். நாமும் புட்டிகளை முன்கூட்டியே அனுப்பத் தொடங்கினோம். தண்ணீர் எதுவானாலும், சந்தேகம் வந்தால் நம் விரலைக் குத்தி இன்னொரு ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துச் சாயம் போடும் பழக்கமும் அன்றிலிருந்துதான். அதை விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்த கதைதான். ஆனாலும் இன்றும் ராத்திரி கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் இதையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஹெப்பாரின் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மார்பு கனன்று சிவந்து, ஒரு நாள் முன்பே தன்னைக் காட்டிக் கொடுத்திருக்குமா? அல்லது பால் தானாக வடிந்ததால் வலி குறைந்ததா? காலைக் காப்பாற்றிய மருந்து மார்பை மறைத்ததா, அல்லது அங்கேயும் வீக்கத்தை அடக்கி நன்மைதான் செய்ததா? நீங்கள் என்னைவிடப் புதிய புத்தகங்களைப் படித்தவர்கள். தெரிந்தால் எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்று இப்போது தோன்றுகிறது. அன்று நூர்ஜஹான் அக்கா வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால், 'எண்ண இயலாது' என்று எழுதிச் சீட்டைத்தான் அனுப்பியிருப்பேன். விதிப்படி அதில் குற்றம் இல்லை. அஞ்சலை என்ன ஆகியிருப்பாள் என்று எனக்குத் தெரியவே வந்திருக்காது.

எழுதித் தரச் சொல்லி சார் அனுப்பிய ஆள், அடுத்த மாதமே வேலைக்குத் திரும்பி வர முடியுமா என்றும் கேட்டுவிட்டுப் போனார். என் இரண்டாவது குழந்தைக்கு இப்போது நாலு மாதம். அவளும் புட்டியைத் தொடுவதில்லை. நூர்ஜஹான் அக்கா குடும்பம் லப்பைக்குடிக்காட்டுக்குக் குடிபோய்விட்டது. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது.

பெரம்பலூரிலிருந்து பஸ் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நான் வரலாமா? யோசித்து, மறைக்காமல், ஒரு வரி எழுதுங்கள்.